கட்டாயமில்லை என்று வரும் மின்னஞ்சல்: அமெரிக்கக் கல்லூரிகளின் அலும்னி சந்திப்புக்குப் போகலாமா?

பொங்கல் முடிந்த மறுவாரம் சென்னையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். பிளஸ் டூ படிக்கும் மகன் அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்காக ஏழெட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தான். அவற்றில் ஒன்றில் பல வருடங்களுக்கு முன் படித்து முடித்த ஒருவர் அவனுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். உன்னோடு அரை மணி நேரம் ஜூமில் பேசலாம் என்று நினைக்கிறேன், கட்டாயமில்லை, உனக்குத் தோதான நேரத்தைச் சொல் என்று நாலே வரி. "கட்டாயமில்லைன்னு அவங்களே சொல்றாங்க. பிராக்டிகல் எக்ஸாம் வேற வருது. எதுக்குடா வம்பு, விட்டுடலாமா?" என்றாள் அக்கா. அத்தானுக்கு நேர் எதிரான கவலை. சீட்டுத் தரப் போகிற ஆளே இவர்தானோ, பையனுக்குக் கோட்டு சூட்டு தைக்க வேண்டுமோ என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு பேருக்கும் விஷயம் பிடிபடவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. நம் ஊரில் கட் ஆஃப் 200க்கு எவ்வளவு, ரேங்க் என்ன என்று பார்த்தால் கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று தெரிந்துவிடும். கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புவார் என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. அமெரிக்காவில் எம்.எஸ். படித்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டாலும் பெரும்பாலும் தெரிந்திருக்காது. மேற்படிப்புச் சேர்க்கையை அந்தந்தத் துறையின் பேராசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். அலும்னி சந்திப்பு, அதாவது விண்ணப்பித்த பிள்ளையோடு பழைய மாணவர் ஒருவர் பேசிப் பார்ப்பது, பள்ளி முடித்து நேராகப் போகிறவர்களுக்கான இளநிலைச் சேர்க்கையில்தான் வரும். அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

அமெரிக்காவின் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி மேலிருந்து எடுப்பதில்லை. பள்ளி மதிப்பெண், சில இடங்களில் எஸ்.ஏ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், மாணவர் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரைகள், பள்ளிக்கு வெளியே என்ன செய்தார் என்ற பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வைத்துச் சேர்க்கை அலுவலகத்தில் இருப்பவர்கள் படிக்கிறார்கள். 2024இல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டில் 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். மதிப்பெண்ணை மட்டும் வைத்து அவர்களைப் பிரிக்க முடியாது. ஆளை நேரில் பார்க்கலாம் என்றால் உலகம் முழுவதும் இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைகளைச் சந்திக்க அலுவலகத்தில் ஆள் கிடையாது.

இந்த இடத்தில்தான் பழைய மாணவர்கள் வருகிறார்கள். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கோ வேலை பார்க்கும் இவர்கள், தாங்கள் படித்த கல்லூரிக்காகச் சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவருக்கு டாக்டர் வேலை இருக்கலாம், வங்கி வேலை இருக்கலாம். வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகளின் பெயர் அவருக்கு வரும். அவர் ஒவ்வொருவரோடும் முப்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை பேசி, பார்த்ததையும் கேட்டதையும் எழுதிச் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்புவார். அது கோப்பில் இன்னொரு தாளாகச் சேரும். அவ்வளவுதான்.

இதில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முதலாவது, அந்தப் பழைய மாணவர் உன் விண்ணப்பத்தைப் பார்த்திருக்க மாட்டார். பெயர், பள்ளி, தொடர்பு விவரம், சில சமயம் படிக்க நினைக்கும் பாடம், பொதுவாக இவ்வளவுதான் அவர் கையில் இருக்கும். பத்தாம் வகுப்பில் எவ்வளவு, எஸ்.ஏ.டி.யில் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, பொதுவாகக் கேட்கவும் மாட்டார். இரண்டாவது, இடம் தருவதும் மறுப்பதும் அவர் கையில் இல்லை. ஹார்வர்டுக்காக வருடம் ஆறு பேரைச் சந்திக்கும் ஒருவர், நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகவே இடம் கிடைக்கும் கணக்குப்படி பார்த்தால், தான் பேசிய பிள்ளைகளில் ஒருவருக்கு இடம் கிடைப்பதைக் காண சராசரியாக நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும். அவர் மெச்சி எழுதிய பிள்ளைகள் பலருக்கும் இல்லை என்றுதான் பதில் போகும். அத்தானிடம் இதைச் சொன்னபோது கோட்டு சூட்டுப் பேச்சு நின்றது.

அப்புறம் இன்னொரு குழப்பம். அப்பா படித்த கல்லூரியில் மகனுக்கு முன்னுரிமை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலும் அலும்னி என்ற சொல் வருவதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது வேறு சங்கதி, பெரிய சர்ச்சையும்கூட. எம்.ஐ.டி. அதைப் பார்ப்பதே இல்லை, ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 2021இல் கைவிட்டது. இந்தச் சந்திப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கும் இந்த அழைப்பு வரும்.

கட்டாயமில்லை என்றால் என்ன?

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். கட்டாயமில்லை என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு அர்த்தங்கள் ஒளிந்திருக்கின்றன. குழப்பமெல்லாம் அதனால்தான்.

முதல் அர்த்தம் கல்லூரியின் பக்கமிருந்து வருவது. உன் ஊரில் எங்களுக்கு ஆள் இல்லாமல் போகலாம், அப்படி அழைப்பு வராவிட்டால் அதை உன் குறையாக எண்ண மாட்டோம் என்பது. எம்.ஐ.டி. இதற்கு நல்ல உதாரணம். (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, பாஸ்டன் பக்கத்துக் கேம்பிரிட்ஜில் இருப்பது. எங்கள் வீட்டிலேயே ஒருமுறை இந்தக் குழப்பம் வந்திருக்கிறது.) அங்கே பேச வரும் பழைய மாணவர்களைக் கல்வி ஆலோசகர்கள் என்ற பொருள்படும் பெயரில் அழைக்கிறார்கள். ஆள் கிடைத்தால் சந்திப்பு. கிடைக்காவிட்டால் அந்த நேர்காணலிலிருந்து விலக்கு, மாணவருக்குப் பாதகமில்லை என்று கல்லூரியே எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் அழைப்பு வராமல் இருப்பதும், வந்த அழைப்பை வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. எம்.ஐ.டி. சில வருடங்கள் தன் தளத்தில் ஒரு கணக்கை வெளியிட்டு வந்தது. நேர்காணலுக்குப் போனவர்களிலும் ஆளில்லாமல் விலக்குப் பெற்றவர்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. வாய்ப்பு இருந்தும் போகாதவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான். இதைப் பார்த்ததும் போனால் பத்து மடங்கு வாய்ப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. போகாதவர்களில் பலர் அந்தக் கல்லூரியைப் பெரிதாக நினைக்காதவர்கள். கட்டுரையையும் அரைமனதோடுதான் எழுதியிருப்பார்கள். குடை எடுத்துப் போகிறவன் நனையாமல் வருகிறான் என்றால், அவன் வானிலை அறிக்கை பார்க்கிறவன் என்பதும் ஒரு காரணம். இருந்தாலும் அந்தக் கணக்கை வேலை மெனக்கெட்டுக் கல்லூரியே போட்டுக் காட்டியது எதற்காக? வாய்ப்பு வந்தால் வா என்று சொல்வதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

இரண்டாவது அர்த்தம், நிஜமாகவே உன் இஷ்டம் என்பது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் விண்ணப்பத்தில் நேர்காணல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வழி வைத்திருந்தது. இப்படி இடம் விட்டிருக்கும் கல்லூரி, வேண்டாம் என்றவரைத் தண்டிக்க உட்கார்ந்திருக்காது. ஆனால் அங்கேயும் போனவரைப் பற்றி ஒரு தாள் கூடுதலாக இருக்கும், போகாதவருக்கு இருக்காது.

மூன்றாவது, மதிப்பீடே இல்லாத பேச்சு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சந்திப்பு பெரும்பாலும் இந்த வகை. கல்லூரியைப் பற்றி மாணவருக்குச் சொல்வதும், அவர் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும்தான் நோக்கம். இங்கே போகாவிட்டால் சேர்க்கையில் எதுவும் குறையப் போவதில்லை. போனால் லாபம் உனக்கு, கல்லூரிக்கு இல்லை.

இதெல்லாம் இல்லாத கல்லூரிகளும் நிறைய. கலிஃபோர்னியாவின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற அரசுப் பல்கலைக்கழக வளாகங்கள் பொதுவாக இளநிலை விண்ணப்பதாரர்களை நேர்காணவே செய்வதில்லை. பிரவுன் பல்கலைக்கழகம் பழைய மாணவர் நேர்காணலை விட்டுவிட்டு, மாணவரே எடுத்து அனுப்பும் குறும் வீடியோவுக்கு மாறிவிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகமும் நேர்காணலை நிறுத்திவிட்டது. இந்த ஏற்பாடுகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. இரண்டு வருடம் முன்னால் போன சீனியர் சொன்னதை நம்பாமல், விண்ணப்பிக்கும் வருடத்தில் அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தைப் படிப்பதுதான் சரி.

படிக்கும்போது ஒரு சொல்லைத் தேடுங்கள். அந்தச் சந்திப்பு மதிப்பிடுவதற்கா, தகவலுக்கா என்று பெரும்பாலும் வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். போடாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்று ஓர் ஆவணத்தை வருடாவருடம் வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் வந்துவிடும். அதில் சி7 என்று ஓர் அட்டவணை. மதிப்பெண், கட்டுரை, பரிந்துரை, நேர்காணல் என்று ஒவ்வொன்றையும் மிக முக்கியம், முக்கியம், கருத்தில் கொள்வோம், கருத்தில் கொள்வதில்லை என்ற நான்கு கட்டங்களில் ஒன்றில் குறித்திருப்பார்கள். அதே அட்டவணையில் விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வம் என்று தனியாக ஒரு வரியும் உண்டு. அந்த வரியில் குறி இருக்கும் கல்லூரியில், வந்த அழைப்பைத் தட்டினால் இவனுக்கு நம் கல்லூரியில் அவ்வளவு நாட்டமில்லை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆலோசகருக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் பெற்றோர்களில் எத்தனை பேர் இந்த இலவச அட்டவணையைப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதற்கு எவ்வளவு எடை?

கொஞ்சம்தான். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர் உன்னை இரண்டு வருடம் பார்த்தவர். இவர் நாற்பது நிமிடம் பார்த்தவர். தவிர, பழைய மாணவர்களுக்குப் பொதுவாகவே இளகிய மனசு. எல்லோரையும் பாராட்டி எழுதினால் பாராட்டின் மதிப்பு குறையும் என்பது அலுவலகத்துக்கும் தெரியும்.

ஆனால் இந்தத் தாள் என்ன செய்யும் என்பதற்கு ஹார்வர்டு வழக்கில் ஒரு சுவாரசியமான சாட்சி கிடைத்தது. ஆசிய வம்சாவளி மாணவர்களிடம் ஹார்வர்டு பாரபட்சம் காட்டுகிறது என்று தொடரப்பட்ட வழக்கு அது. 2018இல் பாஸ்டனில் விசாரணை நடந்தபோது, அதுவரை பலருக்கும் தெரியாத மதிப்பெண் முறை விரிவாக வெளியே வந்தது. படிப்பு, பிற செயல்பாடு, விளையாட்டு, குணநலன் என்று தனித்தனியாக எண் போடுகிறார்கள். சேர்க்கை அலுவலகம் ஒரு பக்கம் போடுகிறது, நேரில் பார்த்த பழைய மாணவரும் தன் பங்குக்குப் போடுகிறார். குணநலன் என்ற இடத்தில், நேரில் பேசிய பழைய மாணவர்கள் ஆசிய மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஆளைப் பார்க்காமல் கோப்பைப் படித்த அலுவலகம் ஆசிய மாணவர்களுக்குச் சராசரியில் குறைவாகப் போட்டிருந்தது. ஆசிரியர்களின் கடிதம் போன்ற மற்ற தாள்களையும் சேர்த்துத்தான் அலுவலகம் பார்க்கிறது என்று கல்லூரி பதில் சொன்னது. 2019இல் கீழ் நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வழக்கின் நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதில் கவனிக்க வேண்டியது வேறு. கணக்கில் புலி, வாயைத் திறக்காத பிள்ளை என்று தாளில் தெரிகிற ஒருவன், நேரில் பேசினால் அப்படித் தெரிவதில்லை. சந்திப்பை ஏற்றுக்கொள்வதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணங்களில் இது ஒன்று.

நேர்காணலின் பழைய சரித்திரம் இவ்வளவு இனிமையானது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1920களில் ஹார்வர்டின் தலைவராக இருந்த லோவல், தேர்வில் நன்றாக எழுதி உள்ளே வரும் யூத மாணவர்களின் எண்ணிக்கை கூடுகிறதே என்று கவலைப்பட்டார். 1922இல் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க வெளிப்படையாகவே முயன்றார், அது எடுபடவில்லை. 1926 வாக்கில் குணம், ஆளுமை என்று அளக்க முடியாதவற்றைத் தேர்வில் சேர்த்தார்கள், விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்டார்கள். ஆளைப் பார்த்து எடுப்பது என்ற பழக்கம் வலுப்பெற்ற காலம் அது, அன்றைக்கு ஆளைத் தள்ளுவதற்கு. அதே கருவி நூறு வருடம் கழித்து ஒரு வழக்கில் எதிர்ப்பக்கம் சாட்சி சொன்னது.

எப்போது வேண்டாம் என்று சொல்லலாம்?

அழைப்பு வந்தால் ஏற்றுக்கொள் என்பதுதான் என் பதில். விதிவிலக்குகள் சில உண்டு. இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்று முன்கூட்டியே உறுதி கொடுத்து விண்ணப்பிக்கும் ஏர்லி டிசிஷன் முறையில் டிசம்பரிலேயே வேறொரு கல்லூரியில் இடம் உறுதியாகிவிட்டால், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டியதுதான் முறை. அப்புறம் வரும் அழைப்புக்கு நன்றி சொல்லி, நிலைமையைச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம். போகவே போவதில்லை என்று முடிவான கல்லூரிக்கும் அப்படியே. பேச வருகிறவர் அப்பாவின் நண்பராகவோ குடும்பத்துக்கு வேண்டியவராகவோ இருந்தால், அதை அவரிடமும் அலுவலகத்திடமும் சொல்லி வேறு ஆளைக் கேட்கலாம். வீட்டுக்கு வா என்று யாராவது அழைத்தால், காபிக் கடை, நூலகம் மாதிரிப் பொது இடத்திலோ ஜூமிலோ பேசலாமா என்று தயங்காமல் கேட்கலாம். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகள் என்பதால் பல கல்லூரிகளே வீட்டுச் சந்திப்பைத் தவிர்க்கச் சொல்கின்றன. பணம் கேட்டால் அது மோசடி. இந்தச் சந்திப்புக்கு எந்தக் கல்லூரியும் கட்டணம் வாங்குவதில்லை.

திக்குவாய், கடுமையான பதற்றம் போன்றவை இருக்கும் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி உட்கார வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அவர்களும் உடனே மறுக்க வேண்டியதில்லை. முன்கூட்டி ஒரு வரி எழுதிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் பொறுமையாகவே பேசுவார்கள். பையனுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது என்பது மட்டும் மறுப்பதற்குக் காரணமே ஆகாது. உச்சரிப்புக்கு அங்கே மார்க் கிடையாது. ஆங்கிலத்தில் நாலு வருடம் படிக்கப் போகிறவனுக்கு நாற்பது நிமிடப் பேச்சு ஒரு ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிராக்டிகல் எக்ஸாம், பிளஸ் டூ பொதுத்தேர்வு என்று நேரம் இல்லாததுதான் பிரச்சினை என்றால், மறுக்காமல் தேதியை மாற்றிக் கேட்க வேண்டும். இந்தியாவில் பொதுத்தேர்வு எப்போது என்று கலிஃபோர்னியாவில் இருப்பவருக்குத் தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

சரி, போவதாக முடிவு. அடுத்து?

முதல் சிக்கல் மின்னஞ்சல் கண்ணில் படுவதே. பழைய மாணவர்கள் பெரும்பாலும் சொந்த முகவரியிலிருந்துதான் எழுதுவார்கள். முன்பின் தெரியாத பெயர், ஜிமெயில் முகவரி, நேராக ஸ்பாமுக்குப் போய்விடும். நவம்பர் முதல் தேதியை ஒட்டி முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களுக்கு அந்த மாதத்திலேயே வரலாம். ஜனவரி முதல் வாரத்தில் விண்ணப்பித்தவர்களுக்கு ஜனவரியிலும் பிப்ரவரியிலும். இந்த மாதங்களில் தினம் ஒருமுறை ஸ்பாமைத் திறந்து பார்ப்பது நல்லது. ஆள் உண்மைதானா என்று ஐயமிருந்தால் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கே எழுதிக் கேட்கலாம், தவறாக நினைக்க மாட்டார்கள். பதிலை இரண்டு நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். பிள்ளைதான் எழுத வேண்டும், அப்பா இல்லை.

அப்புறம் நேரக் கணக்கு. குளிர்காலத்தில் நியூயார்க்குக்கும் சென்னைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். கலிஃபோர்னியாவுக்கு பதின்மூன்றரை. அவர் சனி இரவு ஒன்பது என்று நியூயார்க்கிலிருந்து சொன்னால் இங்கே ஞாயிறு காலை ஏழரை. நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதால் அக்டோபரில் ஒன்பதரையாக இருந்தது பத்தரை ஆகிவிடும். பதில் எழுதும்போது இரண்டு ஊர் நேரத்தையும் கிழமையோடு எழுதிவிட்டால் குழப்பமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் கிழமையைத் தப்பாகக் கணக்குப் போட்டு ஒருநாள் தாமதமாக வந்து உட்கார்ந்தாள். அவர் சிரித்துவிட்டு இன்னொரு நேரம் கொடுத்தார் என்பது அவள் அதிர்ஷ்டம்.

பேச்சு எப்படிப் போகும்? ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்கும் விசா இண்டர்வியூவை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் திணறிவிடுவார்கள். அங்கே கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டும். இங்கே ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் பேச்சு படுத்துவிடும். உன்னைப் பற்றிச் சொல், பள்ளியில் எது பிடிக்கும், சும்மா இருக்கும்போது என்ன செய்வாய், ஏன் எங்கள் கல்லூரி, சமீபத்தில் மனதை மாற்றிக்கொண்ட விஷயம் ஏதாவது உண்டா, இப்படித்தான் கேள்விகள் வரும். வேறெங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறாய் என்று பொதுவாகக் கேட்பதில்லை. கேட்டாலும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று நழுவிக்கொள்ளலாம்.

அக்கா மகன் முதல் ஒத்திகையில் தன் சான்றிதழ்களை வரிசையாக ஒப்பித்தான். ஒலிம்பியாட், ரோபோடிக்ஸ், கீபோர்டு எட்டாம் கிரேடு. அதெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கிறது, சேர்க்கை அலுவலகம் படித்துக்கொள்ளும், கேட்பவருக்குத் தூக்கம்தான் வரும் என்றேன். பிறகு பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். வெள்ளம் வந்தபோது அவர்கள் தெருவில் எந்த வீட்டு மோட்டார் மூழ்கும், எது தப்பும் என்று நோட்டில் குறித்து வைத்திருந்தானாம். மறு வருடம் மழைக்கு முன்னால் அதைக் காட்டி மூன்று வீட்டில் மோட்டாரை உயரத்தில் தூக்கி வைக்கச் செய்திருக்கிறான். இதை ஏன்டா எங்கேயும் எழுதவில்லை என்று கேட்டேன். "இதுக்கு சர்டிஃபிகேட் இல்லையே மாமா" என்றான். பழைய மாணவர் காது கொடுத்துக் கேட்பது இந்த மாதிரி விஷயத்தைத்தான். அவருடைய அறிக்கையில் இடம்பெறும் வாக்கியமும் இதிலிருந்துதான் வரும்.

கேள்வி கேட்கும் முறை உன் பக்கமும் வரும். கல்லூரித் தளத்திலேயே இருக்கிறதைக் கேட்டு வீணாக்கக் கூடாது. எத்தனை துறைகள் என்று 1995இல் படித்து முடித்தவரிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது. முதல் பனிக்காலத்தை எப்படித் தாண்டினீர்கள், திரும்பப் படிக்கக் கிடைத்தால் எதை மாற்றுவீர்கள், அங்கே யார் சந்தோஷமாக இருக்க மாட்டார்கள் என்று கேட்டுப் பார். கடைசிக் கேள்விக்கு வரும் பதில், எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேலை. அந்த அறையில் இருக்கக் கூடாது. கேமராவுக்குப் பின்னால் நின்று சைகை காட்டினால் பிள்ளையின் கண் அங்கே போகும், பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். நேரில் சந்திப்பு என்றால் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடலாம், பக்கத்து மேசையும் வேண்டாம். உடை விஷயத்தில் கசங்காத சட்டை போதும். பேசி முடித்த மறுநாள் நாலு வரியில் நன்றி எழுதினால் போதும், பேச்சில் வந்த ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு. பரிசுப் பொருள், இனிப்புப் பெட்டி எதுவும் கூடாது.

அழைப்பே வராவிட்டால்? துரத்தி எழுத வேண்டாம். மாணவரே முன்வந்து கேட்க வேண்டும் என்று கல்லூரி சொல்லியிருந்தால் மட்டும் குறித்த தேதிக்குள் கேட்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்தது, நம் பையனுக்கு வரவில்லை என்றால் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில் ஆள் போதவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பிப்ரவரி கடைசிவரை வராவிட்டால் இனி வராது என்று வைத்துக்கொண்டு, பையனைப் பொதுத்தேர்வுக்குப் படிக்க விடுங்கள்.